இன்னும் எதை விடணும், அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 33. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா இறந்தபோது எனக்கு 19 வயது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு நான்தான் ஆம்பளைப் பிள்ளை என்று அம்மா சொல்வார்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். தம்பியை இன்ஜினியரிங் படிக்கவைத்தேன், இப்போது அவனுக்கு நல்ல வேலை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ‘சுயம் சாக வேண்டும்’ என்ற செய்தியைக் கேட்டு என்னை ஒப்புக்கொடுத்தேன். அன்றுமுதல் புதனும் வெள்ளியும் உபவாசம். நகை போடுவதில்லை. எம்.எஸ்சி. நர்சிங் சேருவதற்காகச் சேர்த்த பணத்தை ஆலயக் கட்டடத்துக்குப் பொருத்தனையாக, நேர்த்திக்கடனாக, கொடுத்துவிட்டேன். இருந்தும் சமாதானம் இல்லை. போன மாதம் ஒரு கடையில் சேலை ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டேன். வாங்கவில்லை. ஆனால் ஆசைப்பட்டதற்காக அன்று ராத்திரி முழுக்க அழுதேன். நைட் டியூட்டியில் இரண்டு தடவை தலைசுற்றி விழுந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 8.4 இருக்கிறது. இதற்கிடையில் தம்பி, கூட வேலை பார்க்கிற பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். அவளும் நம் திருச்சபைதான், ஆனால் நம்ம ஆட்கள் இல்லை. அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார்கள். ஊரில் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால், ‘குடும்பத்துக்காக உன்னை வெறுத்துச் சிலுவையைச் சும’ என்று தம்பியிடம் சொன்னேன். இரண்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை. அதையும் சிலுவையாகச் சுமக்கிறேன். இன்னும் நான் எதை விடணும், அக்கா? ஆசையே வராமல் இருக்க என்ன செய்யணும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இந்த வெள்ளிக்கிழமை சாப்பிடுங்கள். அடுத்த புதன்கிழமையும் சாப்பிடுங்கள். மற்றதையெல்லாம் அதற்கப்புறம் பேசலாம்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்று வார்டில் எத்தனை பேருக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். 8.4 வைத்துக்கொண்டு ஒருத்தி உபவாசமிருந்து நைட் டியூட்டியும் பார்க்கிறாள் என்று தெரிந்தால் அவளைச் சும்மா விட்டிருப்பீர்களா? உங்கள் மருத்துவமனையிலேயே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாடு குறைந்ததால் மட்டும்தானா, மாதவிடாயில் அதிகமாகப் போகிறதா, வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். இரத்தம் இவ்வளவு குறைந்த உடம்பில் மனசும் கூடவே சோர்ந்துபோகும். ஒரு சேலைக்காக விடிய விடிய அழுததில் எவ்வளவு பக்தி, எவ்வளவு இரத்தசோகை என்று இப்போதைக்கு உங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. உடம்பு தேறிய பிறகும் தூக்கம் வராமல் அழுகை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் தலைசுற்றி விழுந்த அந்த ராத்திரி உங்கள் பொறுப்பில் எத்தனை படுக்கைகள் இருந்தன? ஒரு ஊசியின் அளவு தப்பியிருந்தால் உங்கள் உபவாசத்துக்கான விலையை அந்தப் படுக்கையில் கிடந்தவர் அல்லவா கொடுத்திருப்பார்? சீஷத்துவத்துக்கு, அதாவது இயேசுவின் சீடராக வாழ்வதற்கு, விலை உண்டு. அதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்த நேரமெல்லாம், அந்த விலை யார் மடியிலிருந்து போகிறது என்ற கேள்விதான் என்னை அறுத்துக்கொண்டே இருந்தது.

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற வசனத்துக்கு வருகிறேன். லூக்கா 9:23. ‘ஒருவன் என் பின்னே வர விரும்பினால், அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.’ ஓய்வுநாள் பள்ளியில் இதை ஒப்பிக்காத பிள்ளை நம் பக்கத்தில் கிடையாது. எனக்கும் சின்ன வயதில் ‘வெறுத்து’ என்ற சொல்தான் மனதில் ஆழமாக இறங்கியது. கண்ணாடியில் கொஞ்சம் அதிகநேரம் என்னைப் பார்த்துக்கொண்டால்கூடப் பயம். வெறுக்க வேண்டிய முகத்தை ரசிக்கிறோமே என்று.

ஆலோசனைப் பணிக்கு வருமுன் இறையியல் படித்தேன். கிரேக்க வகுப்பில் இந்த வசனம் வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு ‘வெறுத்து’ என்று சொல்கிற இடத்தில், மூலத்தில் இருப்பது பகையையோ அருவருப்பையோ சொல்லுகிற வினை இல்லை. ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று ஒருவரைக் கைவிடுவதைச் சொல்லுகிற வினை. அதே வினையை அதே லூக்கா இன்னோரிடத்திலும் எழுதுகிறார். சேவல் கூவுமுன் மூன்றுதரம் என்னை மறுதலிப்பாய் என்று ஆண்டவர் பேதுருவிடம் சொன்னதை நினைவுகூருகிற இடம் அது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘மறுதலிப்பாய்’ என்று சரியாகப் போட்டார்கள். இங்கே ‘வெறுத்து’ என்று போட்டுவிட்டார்கள். கத்தோலிக்கரும் பயன்படுத்துகிற பொது மொழிபெயர்ப்பில் ‘துறந்து’ என்று வருகிறது. பழைய மொழிபெயர்ப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, என் ஜெபமே அதன் நடையில்தான் வருகிறது. ஆனாலும் இந்த ஒரு சொல்லினால் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் தங்கள்மேலேயே கைவைத்துக்கொண்டார்கள் என்பதை என் அறைக்கு வருகிறவர்களிடம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தகப்பனையும் தாயையும் தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால் என்று லூக்கா 14:26 சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அங்கே மூலத்திலும் வெறுப்பு என்ற சொல்தான். ஆனால் இதே போதனையை மத்தேயு எழுதும்போது ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்று எழுதுகிறார். இரண்டு பேரும் முன்வைப்பது ஒரே கேள்வியைத்தான். இரண்டு பக்கமும் உங்களை இழுக்கிற நாளில் யார் சொல்லுக்கு நிற்பீர்கள்? இந்த வசனத்தைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலேயே அது தேவைப்படும்.

ஆசையே வராமல் இருக்க என்ன செய்யணும் என்று கேட்டிருந்தீர்கள். அப்படியொரு நிலையை ஆண்டவர் யாரிடமும் கேட்டதாக நான் வாசித்ததில்லை. அவரே விருந்துக்குப் போனார். ‘போஜனப்பிரியன்’ என்று பேச்சும் வாங்கினார். கெத்செமனேயில், கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். வாழவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது, அதைப் பிதாவிடம் மறைக்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் ‘உம்முடைய சித்தத்தின்படியே’ என்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாமல் போய்விட்டால், எதை அவரிடம் ஒப்புக்கொடுப்பீர்கள்?

மறுபடியும் பேதுருவிடம் வருவோம். அந்தக் குளிர் ராத்திரியில் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள், பேதுருவும் போய் உட்கார்ந்தார். ஒரு வேலைக்காரப் பெண் அடையாளம் கண்டு கேட்டதும், அவரை அறியேன் என்றார். அந்த முற்றத்தில் பேதுருவுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், தன்னை மறுதலிக்கலாம், அல்லது ஆண்டவரை மறுதலிக்கலாம். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மத்தியில் தன் இடம் போய்விடக் கூடாது என்று ஆண்டவரை விட்டுவிட்டார். அப்படியானால் அன்று அவர் மறுதலித்திருக்க வேண்டிய ‘தான்’ எது? பசித்த வயிறோ குளிரில் நடுங்கிய உடம்போ இல்லை. நாலு பேர் நடுவில் தனக்கிருக்கும் இடத்தை இழக்கப் பயந்த அந்த ‘நான்’தான்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன், தங்கச்சி. நான் சொல்லப்போவது வலிக்கும். உங்கள்மேல் அக்கறை இல்லாவிட்டால் மாத்திரை பேரை எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன்.

நீங்கள் விட்டதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நகை, படிப்பு, சாப்பாடு, சேலை. அவ்வளவையும் ஊர் கண்டிப்பாகப் பாராட்டியிருக்கும். ‘அந்தப் பிள்ளை மாதிரி வருமா’ என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசியிருப்பார்கள். விட்டதற்காக ஒருவர்கூட உங்களோடு பேசாமல் இருந்ததில்லை. ஆனால் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ‘நம்ம ஆட்கள் இல்லை’ என்று. எட்டு வருஷ உபவாசமும் தொடாமல் விட்ட இடம் அதுதான். கிறிஸ்துவின் பின்னே போனால் உங்களுக்கு உண்மையாகவே விலை வரக்கூடிய ஒரே இடமும் அதுதான். அங்கே வந்தபோது நீங்கள் வசனத்தை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டீர்கள். ‘உன்னை வெறு’ என்றீர்கள். விலையை அவன் கட்டட்டும், முகம் தெரியாத அந்தப் பெண்ணும் கட்டட்டும் என்று ஆகிவிட்டது.

தம்பி பேசாமல் இருப்பது உங்கள் சிலுவை இல்லை. ரோமர்கள் காலத்தில் சிலுவை என்பது ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லுகிற தண்டனை. வாழ்க்கையில் வருகிற எல்லாச் சங்கடத்துக்கும் அந்தப் பெயரை வைத்தால், நாம் பிறருக்குச் செய்த காயமும் நம் புண்ணியக் கணக்கில் ஏறிவிடுகிறது. இது நீங்கள் அவனுக்குக் கொடுத்த காயம். அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம், போய் ஆற்றுங்கள்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. நான் வளர்ந்த வீடும் அப்படித்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாற்பது நாளும் என் அம்மா ஒருவேளைச் சாப்பாடு. உலையில் அரிசி போடும்போதெல்லாம் கைப்பிடி அரிசியை எடுத்து மிஷனரிப் பானையில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அந்தக் கைப்பிடி யார் தட்டில் குறைந்தது என்று நாங்கள் பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை, அவள் தட்டில்தான் குறைந்தது. அவ்வளவு கொடுத்தவள், எங்கள் தொழுவத்தில் சாணி அள்ள வந்த ஆச்சிக்குப் பின்வாசலில் ஒரு தனித் தம்ளர் வைத்திருந்தாள். ஆச்சியும் ஞானஸ்நானம் பெற்றவள்தான். அம்மா செத்து இருபது வருஷம் ஆகிறது. மிஷனரிப் பானையையும் அந்தத் தம்ளரையும் ஒன்றாக நினைக்காமல் என்னால் இன்றைக்கும் அவளுக்காக அழ முடிவதில்லை.

இந்த முரண்பாடு புதிதும் அல்ல. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா அங்கே பேசினார். இந்தியாவுக்காக வீடுவாசல் விட்டு வந்த வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. ஏழைகளுக்காக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள் என்று 1 கொரிந்தியர் 13ஐ வைத்தே சொல்லி, எங்களுக்கு அன்பும் வேண்டும், சிநேகிதர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அந்த மண்டபத்தில் பலருக்கு அது கசந்தது. உயிரைக் கொடுக்க வந்தவர்கள், சமமாக ஒரு மேஜையில் உட்கார மட்டும் மனசு வராமல் இருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து 1912இல் அவரே தோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அந்தப் பேச்சை வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நாம் கைதட்டிவிடுகிறோம். நம் சபை வட்டாரமான சேகரத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் அதை அப்படியே வாசித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து தெற்கே வடக்கன்குளம் தூரமில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபார்த்த நீலகண்டன், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு, 1745இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார், சேர்ந்து உண்டார். அந்தச் சமூகத்தில் அது சாதாரணக் குற்றமில்லை. எருமைமேல் ஏற்றி ஊரூராகக் கொண்டுபோனார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அதுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ‘பிள்ளை’ இல்லை. அவர் உயிரோடிருந்தபோதே விட்ட ஒன்றை நாம் 270 வருஷம் அவர் பெயரில் கட்டி வைத்திருந்தோம்! அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழும்பிய ஆலயத்தில், சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து நின்று பூசை கண்டார்கள். நடுவே இருந்த தடுப்பைக் கௌசானல் அடிகள் 1910இல் எடுத்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது.

நம் புரொட்டஸ்டன்ட் சபைகளும் யோக்கியம் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. அவர்களும் உபவாசித்தவர்கள்தான்.

பேதுருவும் இரண்டாம் தடவை சறுக்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து தன் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். முற்றத்தில் இருந்த பயம்தான் பந்தியிலும் இருந்தது. பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். சேர்ந்து சாப்பிடாமல் எழுந்துபோவதைச் சின்ன மரியாதைக் குறைவு என்று பவுல் விட்டுவிடவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்றார். நம் ஊர் அசனப் பந்தியில், அந்தச் சபை விருந்தில், எல்லாரும் சேர்ந்து உட்காருகிறோமே என்று சிலர் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒருநாள் சேர்ந்து உண்பது நல்லதுதான். உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு மருமகளாக அவள் வருவதுதான் இப்போதைய கேள்வி.

அம்மாவை மறந்துவிட்டு எழுதவில்லை. அம்மா பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்ணின் வயிறு எப்படிப் பிசையும் என்று தெரியும். ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோதும் தாயை யோவானிடம் ஒப்புவித்தவர். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ என்று காணிக்கைக் கணக்கில் எழுதித் தப்பித்தவர்களை அவர் மன்னிக்கவில்லை. அதனால் மாதாமாதம் அனுப்புகிற பணத்தில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். முடிந்தால் நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். பிரசங்கம் பண்ண வேண்டாம். கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள். ‘அம்மா, உங்களை விட்டு நான் எங்கேயும் போகமாட்டேன். ஆனால் தம்பி கல்யாணத்துக்கு நான் நிற்பேன்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவர்கள் கத்தலாம், மண்ணை வாரித் தூற்றலாம், பதில் சொல்ல வேண்டாம். அம்மாவைக் கனம்பண்ணுவது வேறு, அம்மாவின் சாதிப் பயத்துக்குத் தூது போவது வேறு. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு ஆம்பளைப் பிள்ளையாக நின்றீர்கள், இப்போது மகளாக நின்றால் போதும்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டாமா என்று ஆண்டவர் கேட்டார். நீங்களும் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்கள் உங்கள் வீட்டுப் படியேறமாட்டார்கள். தங்கையின் மாமியார் வீட்டில் பேச்சு வரும், அவள் உங்களிடம் அழுவாள். பண்டிகைக்குப் போனால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்களுக்கு வரக்கூடிய ஒன்றிரண்டு வரன்களும் நின்றுபோகலாம். பெண்கள் ஐக்கியத்தில் பாராட்டு நின்றுவிடும். ‘அந்தப் பிள்ளை மாதிரி வருமா’ என்ற அந்தச் சொல் இல்லாமல் போவதுதான் உங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வலிக்கும் என்று நினைக்கிறேன். இதைச் சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். எழுதிப் பார்த்துவிட்டு முடியாது என்று தோன்றினால் அதையும் ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் உங்களால் கட்ட முடியாத விலையைத் தம்பியிடம் மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பகுதியில் இப்படிப்பட்ட கல்யாணங்கள் எங்கே போய் முடிந்திருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும். உறவிலோ ஊரிலோ யாராவது ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்கிற தொனியில் பேசியிருந்தால், தம்பி எங்கே தங்கியிருக்கிறான், எந்த நேரம் வருவான் என்பதை யாரிடமும், அம்மாவிடமும்கூட, சொல்லாதீர்கள். ‘சும்மா பேசலாம், கூட்டிட்டு வா’ என்று கேட்டால் கூட்டிப் போகாதீர்கள். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மாறித் திருமணம் செய்பவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. மிரட்டல் இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். போலீசுக்குப் போவது விசுவாசத்துக்கு இழுக்கில்லை. பவுலும் தன்னைக் கொல்லச் சதி நடந்தபோது சகோதரியின் மகனை ரோமப் படையின் ஆயிரத்தலைவனிடம் அனுப்பித்தான் தப்பினார்.

தம்பிக்கு போன் செய்தால் எடுக்கமாட்டான். குரல் செய்தி அனுப்புங்கள், சுருக்கமாக. ‘அன்றைக்கு நான் சொன்னது தப்பு. வசனத்தையும் தப்பாகச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு. அவள் பெயர் என்ன?’ இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, கவனித்தீர்களா? வேலையைச் சொன்னீர்கள், திருச்சபையைச் சொன்னீர்கள், ஆட்கள் இல்லை என்றும் சொன்னீர்கள். அவளுடைய பெயரைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். உடனே பதில் வராது. இரண்டு மாதம் அவன் காத்திருந்திருக்கிறான், நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.

உபவாசத்தை ஒரேயடியாக விடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏசாயா 58ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எனக்கு உகந்த உபவாசம் என்று கர்த்தர் அங்கே வரிசைப்படுத்துவதில் ‘சகல நுகத்தடிகளையும் உடைத்துப்போடுகிறதும்’ இருக்கிறது, வெறும் வயிற்றோடு மயங்கி விழுவது இல்லை. உடம்பு தேறிய பிறகு உபவாசமிருக்க மனசு வந்தால் டியூட்டி இல்லாத நாளில் இருங்கள்.

எம்.எஸ்சி. விஷயம். கொடுத்த பொருத்தனை கொடுத்ததுதான், அதைத் திரும்ப நினைத்து வேதனைப்பட வேண்டாம். ஆனால் படிக்க வேண்டும் என்கிற அந்த ஆசையை யார் உங்களுக்குள் வைத்தது என்று ஒருநாளாவது ஜெபத்தில் கேட்டீர்களா? இப்போது தம்பி சம்பாதிக்கிறான். அம்மாவின் செலவை இரண்டு பேரும் பாதிப்பாதி போட்டுக்கொள்ளுங்கள், மிச்சப்படுவதைப் படிப்புக்கென்று தனியாகச் சேருங்கள். அவனிடம் பங்கு கேட்பது உங்களுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும். இத்தனை வருஷம் கொடுத்தே பழகியவர்களுக்குக் கேட்பதுதான் பெரிய தன்மறுப்பு.

இருவரும் நம் திருச்சபை என்றால் மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பார்கள். அவள் சபையிலும் வாசிப்பார்கள். அதில் ஒரு ஞாயிறாவது டியூட்டியை மாற்றிக்கொண்டு அங்கே போய், அவளுடைய அம்மா பக்கத்தில் உட்காருங்கள். பெயர் வாசிக்கும்போது கூட இருங்கள். கடையில் பார்த்த அந்தச் சேலை இன்னும் இருந்தால் அதைக் கட்டிக்கொண்டு போங்கள். ஆராதனை முடிந்ததும் கண்டிப்பாக அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். இலை போட்டால் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா